வாங்கியவர்கள் பகுதி

கமலவேணி இருபது வருஷமாக லஞ்சத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மேஜையில் உட்கார்ந்து படிக்கிற படிப்பு இல்லை அது. ஊர் ஊராகப் போய், வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் "நீங்க யாருக்காவது குடுத்திருக்கீங்களா?" என்று கேட்கிற படிப்பு. அரசியல் விஞ்ஞானம் என்று அதற்குப் பெயர். சொந்தக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், "அப்ப எலக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்பார்கள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போதெல்லாம் "ஆமாம், சீட்டுக்குத்தான் அலையறேன்" என்று சொல்லிவிடுவாள்.

அவள் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வேலை நடக்க லஞ்சம் கொடுத்தவனுக்கு அந்த ஆபீஸ் மேல் மட்டும் நம்பிக்கை போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மேலும் போய்விடுகிறது, மளிகைக்கடைக்காரன் மேலும் போய்விடுகிறது. எல்லாரும் உள்ளுக்குள் இப்படித்தான் என்று அவன் மனசு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. இதை அவள் பாகூரிலும் வில்லியனூரிலும் காலாப்பட்டுப் பக்கத்துக் குப்பங்களிலும் கேட்டுக் கேட்டு நிரூபித்தாள். கட்டுரைகள் வெளிவந்தன, நாலு இடத்தில் பேசக் கூப்பிட்டார்கள், லாஸ்பேட்டையில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில் அவளுக்கென்று ஓர் அறையும் கிடைத்தது.

ஆனால் அவள் கேட்டதெல்லாம் கொடுத்தவர்களை. வாங்கியவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. கொடுத்தவனுக்கு நம்பிக்கை போகிறது, சரி. வாங்கியவனுக்கு என்ன போகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் படிப்பு பாதிதான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை ஏன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா ஆதிமூலம் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். உழவர்கரையில் ஒரு காலனியில் மாடி வைத்த வீடு. மாடியில் கமலவேணியின் குடித்தனம், கீழே அப்பா. அம்மா போய் நாலு வருஷம். அந்த வீடு ஒரு எழுத்தர் சம்பளத்துக்குள் அடங்காது என்பது கமலவேணிக்குப் பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். பெரிய பெரிய ஆபீசர்களிடம் கேட்கத் துணிந்த கேள்வியை, தான் குடியிருக்கிற வீட்டின் கீழ்த்தளத்தில் மட்டும் அவள் கேட்கவில்லை. அதற்காக அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் சேர்ந்து சாப்பிடுகிற மனுஷனிடம் நீங்களாவது கேட்டுப் பாருங்கள், தெரியும்.

ஊரின் பெயர் ஆங்கிலத்திலும் புதுச்சேரி என்று மாறிய வருஷம் அது. மையத்தின் பெயர்ப்பலகைக்கு மறுபடி பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது தில்லியிலிருந்து ஒரு பெரிய ஆய்வுக்கு அனுமதி வந்தது. கொடுத்தவர்கள் ஒரு பகுதி, வாங்கியவர்கள் ஒரு பகுதி. திட்டத்தை எழுதியவளே கமலவேணிதான். இனிமேல் தள்ளிப்போட முடியாதபடி தன் கையாலேயே எழுதிப் போட்டுக்கொண்டாள்.

முதலில் கொடுத்தவர்கள். இப்படிப்பட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பதில் சொல்கிறவர் மறைவாக ஒரு காசைச் சுண்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்தால், லஞ்சம் கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் "ஆமாம்" என்று சொல்லிவிட வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். காசு என்ன விழுந்தது என்று கேட்கிறவளுக்குத் தெரியாது. ஆகவே ஒருவர் "ஆமாம்" என்றால் அது உண்மையா, காசு சொல்ல வைத்ததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் நூறு பேரை மொத்தமாகப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். வெளிநாட்டில் எத்தனையோ இடத்தில் செய்து பார்த்த முறை.

காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் அந்த முறை மண்ணைக் கவ்வியது. நூற்றுக்கு ஐம்பது "ஆமாம்" காசினாலேயே வர வேண்டும். வந்ததோ முப்பத்துச் சொச்சம். கமலவேணியின் உதவி ஆய்வாளர் சரிதா கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

கமலவேணி அடுத்த நாளே குப்பத்துக்குப் போனாள். மீன் விற்றுவிட்டு வந்து அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த தனக்கொடியிடம் கேட்டாள்.

"தலதாம்மா வுழுந்துச்சி" என்றாள் தனக்கொடி.

"அப்ப ஆமான்னு சொல்லணுமே?"

"இன்னாத்துக்கு சொல்லணும்? நான் யாருக்கும் குடுக்கல. குடுக்காதத குடுத்தேன்னு சொல்லச் சொல்றியே, அந்தக் காசு வந்து எனக்கு சோறு போடுமா?"

"அது சும்மா ஒரு கணக்குக்குத்தான்."

"கணக்கு உன்னோடது. வாயி என்னோடதாச்சே."

குப்பம் முழுக்க இதே கதைதான். காசுக்குப் பயந்து யாரும் பொய் சொல்லத் தயாராக இல்லை. சில ஆண்கள் மட்டும் விளையாட்டாக "ஆமாம்" சொல்லியிருந்தார்கள், அதையும் நம்ப முடியாது. மையத்தின் இயக்குநர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சரி பண்ணி அனுப்பிடலாமே, தில்லியில யார் பாக்கப் போறாங்க?" என்றார்.

"சார், ஊழலப் பத்தின ஆராய்ச்சி சார் இது" என்றாள் கமலவேணி.

கமலவேணி சேகரித்தது அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு மாச வெயிலில் அலைந்தது வீண் என்று சரிதா அழுதே விட்டாள். "அழுது முடிச்சிட்டு வா, வேலை கெடக்கு" என்றாள் கமலவேணி. ஈவிரக்கமில்லாத பேச்சுதான். ஆனால் அன்று இரண்டு பேருக்கும் டீ போட்டது அவள்தான்.

யாரையும் பொய் சொல்லச் சொல்லாத ஒரு முறை வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் உண்மையே பதிலாக இருக்க வேண்டும். யோசித்து யோசித்து இரண்டு கேள்வி என்று முடிவு செய்தாள். ஒன்று லஞ்சக் கேள்வி. மற்றது, யாருக்கும் கூச்சம் தராத கேள்வி: "நீங்கள் பிறந்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி இந்த மூன்று மாசத்தில் ஒன்றிலா?" பிறந்த வருஷம் தெரியாதவர்கள் உண்டு, மாசமும் நட்சத்திரமும் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்பதைக் காசு முடிவு செய்ய வேண்டாம், ஜனங்கள் மதிக்கிற ஒன்று முடிவு செய்யட்டும் என்று தோன்றியது. கல்யாணமோ, வீடு வாங்குவதோ, மனசு தடுமாறினால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்களே, அது. வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் பாதிக்குப் பாதி, தனித்தனியாக இலையில் மடித்து நூலால் கட்டித் தட்டில் கலந்து வைத்துவிட வேண்டும். ஒன்றை எடுத்துக்கொண்டு மறைவாகப் போய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் லஞ்சக் கேள்விக்குப் பதில், சிவப்பு என்றால் மாசக் கேள்விக்கு. பூவை யாரிடமும் காட்டக் கூடாது. வெளியே வந்து "ஆமாம்" அல்லது "இல்லை", அவ்வளவுதான்.

தட்டை ஏந்திக்கொண்டு போனபோது குப்பத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பொட்டலத்தை எடுத்தார்கள். சாமியை வேலைக்கு இழுக்கிறோமோ என்று கமலவேணிக்குச் சங்கடமாக இருந்தது. "இது கோயில் இல்ல, வெறும் பூதான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "சரிம்மா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிரித்தார்கள். இந்த முறை கணக்கு கச்சிதமாக வந்தது.

இந்த முறைக்கு ஒரே ஒரு விதி உண்டு. தெரிந்தவரைத் தெரிந்தவர் கேட்கக் கூடாது. பதில் சொல்கிறவர் எந்த மாசம் பிறந்தவர் என்பது கேட்கிறவளுக்குத் தெரிந்திருந்தால் எல்லாம் போச்சு. ஆடியில் பிறந்தவர் என்று தெரிந்த ஒருவர் "ஆமாம்" என்று சொன்னால், அது எந்தக் கேள்விக்கான ஆமாம் என்று சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிடும். கமலவேணி இதைச் சரிதாவுக்கும் மற்ற இரண்டு பெண்களுக்கும் தலையில் குட்டாத குறையாகச் சொல்லி வைத்தாள்.

அடுத்தது வாங்கியவர்கள் பகுதி. வேலையில் இருக்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள், ஓய்வு பெற்றவர்களைக் கேட்கலாம் என்று திட்டம். மூன்று ஓய்வூதியர் சங்கங்கள் கதவையே திறக்கவில்லை. ஒரு சங்கத்தில் டீ கொடுத்து, சங்கத்தின் கோரிக்கை மனுவையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இயக்குநர், "மார்ச்சோட பணம் நிக்குது. இன்னும் ஒரு சங்கம் பாருங்க, இல்லன்னா அந்தப் பகுதிய வெட்டிடுவோம்" என்றார். கொஞ்சம் தயங்கி, "உங்கப்பா சங்கம் ஒண்ணு இருக்கே?" என்றும் கேட்டார்.

அன்று சாயந்திரம் கமலவேணி மாடி ஏறாமல் கீழே நின்றாள். ஆதிமூலம் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம உங்க சங்கத்துக்கு வரேம்ப்பா. எல்லாரையும் சில கேள்வி கேக்கணும்."

"இன்னா கேள்வி?"

சொன்னாள். முழுக்கச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வா. நாற்காலி போடச் சொல்றேன்" என்றார்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுதான் சங்கத்தின் கூடம். ஞாயிறு காலையில் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கமலவேணியைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவர்கள். அதனால் அவள் யாரையும் கேட்கப்போவதில்லை, விளக்கம் சொல்வது மட்டும் அவள், கேட்பது சரிதாவும் மற்ற பெண்களும் என்று ஏற்பாடு. ஒரு மூலையில் தட்டி வைத்து மறைத்திருந்தது. மேஜை மேல் பூத்தட்டு இருந்தது. ஆதிமூலம் வாசல் பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் பேசி முடித்ததும் சங்கத் தலைவர் காசிலிங்கம் எழுந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், பதவியில் இருக்கிற பெண்கள் எல்லாரையும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்.

"மதாம், முப்பது வருஷம் சர்வீஸ்ல மாட்டாதவன இப்ப நீ மாட்டி வுடப் பாக்குறியா?"

சிரிப்பு எழுந்தது.

"யார் என்ன சொன்னாங்கன்னு எனக்கே தெரியாது மாமா. அதுக்குத்தான் பூ."

"பூவெல்லாம் சரிதான். நாளைக்கு பேப்பர்ல 'பென்சன்காரங்க அத்தினி பேரும் திருடனுங்க'ன்னு வரும். பேர் இல்லாட்டி இன்னா, நாங்கதானேன்னு ஊருக்கே தெரியும்."

"அப்படி எழுத மாட்டேன். வாங்குறவருக்கு மனுஷங்க மேல இருக்கற நம்பிக்க என்ன ஆவுதுன்னு தெரிஞ்சிக்கணும். அத யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. நீங்க சொன்னாதான் தெரியும்."

"கேக்காதது நல்லதுக்குத்தான்" என்றார் ஒருவர். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. பின்வரிசையில் மூன்று பேர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுவார்கள். கமலவேணி தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடத்தை விட்டு அசையவில்லை. "ஒருத்தர் வந்தாலும் போதும், நான் சாயந்திரம் வரைக்கும் இங்கியேதான் இருப்பேன்" என்றாள்.

காசிலிங்கம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஊரெல்லாம் கேக்குறியே மதாம், மொதல்ல உன் வூட்ல கேட்டியா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எழுந்தவர்கள்கூட அப்படியே நின்றார்கள். இல்லை என்பதுதான் பதில், அதைச் சொல்லக் கமலவேணி வாயைத் திறந்தாள்.

ஆதிமூலம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். சரிதா அவசரமாக எதிரே வந்து நின்றாள்.

"நீ இல்ல பாப்பா" என்றார் அவர். "அவ கேக்கட்டும்."

"அப்பா, நான் கேக்கக் கூடாது. அது விதி."

"தெரியும். நீதான் சொன்னியே. கேளு."

கேட்காவிட்டால் கூடம் காலியாகிவிடும். கேட்டால் விதி போய்விடும். அதைவிட, கேட்டால் பதில் வந்துவிடும். இருபது வருஷமாகத் தள்ளிப்போட்டது இந்த ஒரு கணத்தைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. போதும் என்றும் தோன்றியது. மற்றவர்களிடம் கேட்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"உள்ள போய் பிரிச்சிப் பாருங்க. வெள்ளையா இருந்தா: வேலையில இருந்தப்ப வாங்கக் கூடாதத வாங்கியிருக்கீங்களா? சிவப்பா இருந்தா: நீங்க பொறந்தது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி இந்த மூணு மாசத்துல ஒண்ணா? ரெண்டுல எதுன்னு சொல்ல வேணாம். ஆமாவா, இல்லையா மட்டும் சொல்லுங்க."

அவர் தட்டிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரத்தில் வந்தார்.

"ஆமாம்" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

கூடத்தில் பாதிப் பேருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு வந்து, சித்திரை வெயிலில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து மாம்பழப் பாயசம் சாப்பிட்டவர்கள்தான் இவர்கள். பிறந்த மாசத்தில்தான் அறுபதாம் கல்யாணம் செய்வார்கள் என்பது யாருக்குத் தெரியாது? காசிலிங்கத்துக்கும் விளங்கியது. விளங்கியதும் மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். கிண்டலுக்குத்தான் கேட்டார், இந்த அளவுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

"ஆதிமூலம் கார்த்திகையில பொறந்தவருதானே!" என்று சத்தமாகச் சொன்னார். "சர்வீஸ் புக்குல அப்பிடித்தானே இருந்துச்சி? வாத்தியார் எழுதிப் போட்ட தேதி." இரண்டு பேர், "ஆமாமா, கார்த்திகைதான்" என்று ஒத்து ஊதினார்கள்.

ஆதிமூலம் பேசாமல் இருந்திருந்தால் போதும். எல்லாரும் கௌரவமாகக் கரை ஏறியிருக்கலாம்.

"சித்திரைதான்" என்றார் ஆதிமூலம். "நீங்கள்லாம் வந்து சாப்ட்டீங்களே, மறந்துட்டீங்களா?"

பிறகு அவர் மகளைப் பார்த்துப் பேசினார். "வாங்குறவனுக்கு இன்னா போவுதுன்னு கேட்ட இல்ல? சொல்றேன். கை நீட்டுன நாள்லேந்து, எவன் எனக்கு வணக்கம் வெச்சாலும் அது எனக்கா, என் கையெழுத்துக்கான்னு தெரியாமப் போச்சி. உன் கல்யாணத்துக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். வாசல்ல நின்னு அத்தினி பேரையும் கும்பிட்டேன். அதுல ஒருத்தனாவது எனக்காக வந்தானான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. உங்கம்மா செத்தப்பதான் தெரிஞ்சிச்சி. அப்ப நான் ரிட்டயர்டு ஆயிட்டேன் இல்ல? யார் யார் வரலன்னு பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்."

கமலவேணிக்குக் கோபம் வந்தது. இந்த மனுஷன் இதை வீட்டில் ஒரு சாயந்திரம் சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா இருந்தபோது சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம். அந்த மண்டபத்தில் பட்டுப்புடவையில் நின்று சிரித்தவள் அவள்தானே? அந்தக் கல்யாணம், இந்தப் படிப்பு, அந்த மாடி எல்லாவற்றிலும் தன் பங்கு இருக்கிறது என்பது அப்போது நெஞ்சில் குத்தியது. அதே சமயம், ஊர் நடுவில் நின்றுகொண்டிருந்த அந்தக் கிழவரைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது. எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை, சேர்க்க நேரமும் இல்லை.

"அப்பா, உங்க பதில கணக்குல சேக்க முடியாது" என்றாள். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சிபோச்சி. இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. விதிப்படி அத நீக்கணும்."

"நீக்கு" என்றார் அவர். போய் வாசலில் உட்கார்ந்து மறுபடி சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கமலவேணி கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மத்தவங்கள சரிதா கேப்பா. நான் வெளிய போய் நிக்கறேன். அடுத்தவங்க வாங்க."

முதலில் எழுந்தவர் தனம், தட்டச்சராக இருந்தவர். சங்கத்தில் இருந்த நாலைந்து பெண்களில் ஒருவர். அப்புறம் ஒருவர், அப்புறம் இன்னொருவர். எல்லாரும் எழுந்து வரிசையில் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். பத்து, பன்னிரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள். காசிலிங்கம் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார், போகும்போது ஆதிமூலத்தின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். மிச்சம் இருந்தவர்கள் போதும். வாங்கியவர்கள் பகுதியை இனி யாரும் வெட்ட முடியாது.

மத்தியானம் தட்டு காலியானதும் கமலவேணி ஸ்கூட்டரை எடுத்தாள். ஆதிமூலம் பின்னால் ஏறி உட்காரப் போனவர், சட்டைப் பையைத் தடவி, ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். இலை லேசாக வாடியிருந்தது. நூல் கட்டினபடியே இருந்தது.

"இதையும் திருப்பிக் குடுக்கணுமா?"

அவள் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "நீங்க பிரிக்கவே இல்லயா?"

அவள் நூலை அறுத்தாள். உள்ளே சிவப்பு அரளி இருந்தது.

"அப்பா, சிவப்பு" என்றாள். "உங்களுக்கு வந்தது மாசக் கேள்விதான். இல்லன்னு சொல்லியிருக்கலாம். அது பொய்யாவும் ஆயிருக்காது. யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"அதுக்குத்தான் பிரிக்கல" என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.